தானாக இறுகும் இணைப்பு

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் இருந்த அந்த மூன்று மாடி மர ஹோட்டலில், மரம் காய்ந்து சுருங்கும்போதெல்லாம் அதை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் தளர்ந்துவிடும். உயர ஏணியில் ஏறி அவற்றை முடுக்குவதுதான் கிரகோரியின் வேலை. தளர்ந்தால் தானாகவே இறுக்கிக்கொள்ளும் இணைப்புகள் வந்து இறங்கியதைக் கேள்விப்பட்டதும், அவன் மனைவி எவ்லின் முதலாளி ஜெகபர் சாதிக்கிடம் ஓடினாள்.

"பாஸ், அதை மாட்டாதீங்க லா. எங்க வீட்டுக்காரரு வேலை போயிடும்!"

"அவனைக் கீழே ஸ்டோருக்கு மாத்தியாச்சும்மா. இதை வாங்கச் சொல்லி ஆறு மாசமா நச்சரிச்சதே அவன்தான்."

"அவரா? ஏன்?"

"'நான் ஏணியில ஏறுற நாளெல்லாம் எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு எவ்லின் பச்சத்தண்ணிகூடக் குடிக்காம ஒருசந்தி விரதம் இருக்கா, பாஸ்'னு சொன்னான்."

அந்த விரதத்தைப் பற்றி எவ்லின் கிரகோரியிடம் ஒருநாளும் சொன்னதில்லை.