இருபது வருஷத் தொட்டி

“இந்த மரத்தைப் போட்டியில இருந்து எடுக்கணும். இது ஏமாத்து வேலை.”

சேவுகப்பெருமாள் இப்படிச் சொன்னதும் காரைக்குடி போன்சாய் கண்காட்சிக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? சங்கத் தலைவர் ஆயிற்றே. நாலு வருஷமாக அவருடைய இச்சி மரத்துக்குத்தான் முதல் பரிசு. இந்தத் தடவை நடுவர் சந்திரலேகா, ரீனாவின் ஆலமரத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டார். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

ரீனா கண்டரமாணிக்கத்தில் நர்சரி வைத்திருப்பவள். கன்றை எடுத்ததும் தொட்டியில் வைக்க மாட்டாள். நிலத்தில் நடுவாள். ஆணிவேர் கீழே இறங்காமல் இருக்க அடியில் ஒரு ஆத்தங்குடி டைல்ஸ், அதுவும் உடைந்து கழித்துப்போட்டது. வேர் பக்கவாட்டில் ஓடும். ஆறேழு வருஷத்தில் அடிமரம் தொடைப் பருமன் வந்துவிடும். அப்புறம்தான் வெட்டி, தோண்டி, தொட்டிக்கு மாற்றுவாள். தொட்டியிலேயே வளர்த்தால் அந்தப் பருமனுக்கு ஆயுசு போதாது.

“நிலத்துல வளத்தா அதுக்குப் பேரு விவசாயம்” என்றார் சேவுகப்பெருமாள். “என் இச்சியைப் பாருங்க. கன்னுல இருந்து இருபது வருஷம் தொட்டிதான். எல்லாம் இந்தக் கையால.”

கையை வேறு தூக்கிக் காட்டினார். நாலு பேர் தலையாட்டினார்கள். போன மாசம் ரீனாவிடம் செடி வாங்கிப்போன அம்மா ஒருத்தி, தன்னுடையதும் இந்த ரகம்தானா என்று பக்கத்து ஆளிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அது ரீனாவின் காதில் விழுந்தது. டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் பதிமூணு வருஷமாகக் கட்டிக் காத்த நர்சரி. இங்கே ஏமாற்றுக்காரி என்று பேர் விழுந்தால் நாளைக்கு ஒரு ஆள் கேட்டைத் திறக்க மாட்டான்.

சந்திரலேகாவும் ரீனாவிடம் தணிந்த குரலில், இந்த வருஷம் விட்டுக்கொடுத்துவிடலாமே, எதற்கு வம்பு என்றார்.

“மாட்டேன் மேடம். நிலத்துல வளத்ததுன்னு நர்சரி போர்டுலயே எழுதி வச்சிருக்கேன். எழுதி வச்சிட்டு யாராவது ஏமாத்துவாகளா?”

சொன்னதோடு நிற்கவில்லை. மரத்தைத் தொட்டியோடு கட்டியிருந்த கம்பியை நறுக்கி, ஆலமரத்தைத் தொட்டியிலிருந்து அலாக்காகத் தூக்கி மேஜையில் வைத்தாள். வேர் அடியில் தோசை மாதிரி தட்டையாக இருந்தது.

“டைல்ஸ் மேல வளந்த வேர் இப்படித்தான் இருக்கும். இப்ப சாரோட மரத்தையும் எடுங்க.”

சேவுகப்பெருமாள் பதறிப்போனார். வேரைத் தொட்டால் மரம் பட்டுப்போகும், தான் ஒருநாளும் தொட்டதில்லை என்றார்.

அவசரத்தில் வாய் தவறிவிட்டது, பாவம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் வேரை வெட்டாமல் போன்சாய் ஏது? சந்திரலேகா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பேசாமல் போய் இச்சி மரத்தைத் தானே தூக்கினார்.

அதன் வேரும் தட்டை. அதோடு விட்டதா? நடு வேரின் பிடிக்குள் ஏதோ சிக்கியிருந்தது. சந்திரலேகா விரலால் மண்ணைத் தள்ளினார். பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடி டைல்ஸ், உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு.

சேவுகப்பெருமாள் தூக்கிக் காட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

நாலு வருஷமும் அந்த இச்சிக்குப் பரிசு அறிவித்தபோதெல்லாம் முதல் ஆளாகக் கை தட்டியவள் ரீனா. இன்றைக்கு அவர் முகத்துக்கு நேராகவே போய் நின்றாள். குரலில் மட்டும் மரியாதை குறையவில்லை.

“அஞ்சு வருஷத்துக்கு முந்தி உங்க டிரைவர் நம்ம நர்சரிக்கு இந்த மரத்தை வாங்க வந்தப்பவே சொல்லி விட்டேனே சார். துண்டு வேருக்குள்ள மாட்டிக்கிருச்சு, அடுத்து வேர் வெட்டுறப்ப மறக்காம எடுத்துருங்கன்னு. அவர் வந்து சொல்லலையா?”