நாலடி தூரம்

"எதிர்வீட்டு மாடியில இருந்து, எங்க வீட்டுல ஒருத்தர் தூங்குறதைப் படம் எடுக்க முடியுமா சார்?"

கேமரா கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். இரவு வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. முதல் போணியே இப்படியா என்று அலுத்துக்கொண்டவர், அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் கைப்பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்றிலும் அவள்தான் கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றாக யாரோ வாசல் கதவுக்கு அடியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். கடைசிப் படம் நேற்று வந்தது.

எதிர்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன் முழநீள லென்ஸோடு நிற்பதை அவளே பார்த்திருக்கிறாள். அவன் கையை முறிக்கிறேன் என்று கிளம்பிய கணவனை, காலில் விழாத குறையாகத் தடுத்ததும் அவள்தான். கோபம் தணிந்த பிறகு கணவன் பொறுமையாகச் சொன்னான். ராத்திரி வேலையால்தானே பகலில் தூங்க வேண்டியிருக்கிறது, வேலையை விட்டுவிடு. பிரசவ வார்டில் ஏழு வருடம் உயிரைக் கொடுத்துப் பார்த்த வேலை. விட மனம் வரவில்லை. ஆனால் பயம் யாரை விட்டது? இன்றைக்கு ராஜினாமா கடிதம் எழுதுவதாகக் கணவனிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். எதிர்மாடிக்காரன்தான் எடுத்தான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டால் போலீஸுக்குப் போகலாம், வேலையும் தப்பும் என்று கடைசி நேரத்தில் ஒரு நப்பாசை.

கேமராவைப் பற்றிக் கேட்டுவிட்டால் கடைக்காரருக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம். அலமாரியிலிருந்து இரண்டு டிஎஸ்எல்ஆர் கேமராக்களை எடுத்து வைத்தார்.

"இது தூரத்துச் சொந்தம், சிஸ்டர். இது கூடவே குடியிருக்கிற ஆளு."

முதலாவது ஓடுவது, பறப்பதற்கெல்லாம். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். நீள லென்ஸ் மாட்டினால் அடுத்த தெருக் காக்கையின் கண்கூடத் தெரியும். இரண்டாவது வீட்டுக்குள் ஆட்களை எடுக்க. குட்டை லென்ஸ், அரை வெளிச்சத்திலும் ஃப்ளாஷ் இல்லாமல் பளிச்சென்று விழும். இப்படி அடுக்கிக்கொண்டே போனவர், வாயால் சொன்னால் புரியாது என்று அவளைக் கையை முன்னால் நீட்டச் சொன்னார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் முதல் கேமராவில் ஒரு படம். திரும்பி வந்து, பக்கத்தில் நின்று இரண்டாவதில் ஒரு படம்.

முதல் படத்தில் கையும் முகமும் ஒரே அளவில், ஒட்டவைத்தது மாதிரி இருந்தன. இரண்டாவதில் உள்ளங்கை முறம் மாதிரி விரிந்து, முகம் சின்னதாகிப் பின்னால் போயிருந்தது.

"பார்த்தீங்களா வித்தியாசத்தை?" என்று சிரித்தபடி அவளுடைய மூன்று படங்களையும் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"என்ன சார்?"

"கட்டில் விளிம்புல நீட்டியிருக்கிற உங்க கையைப் பாருங்க. முகத்தைவிடப் பெரிசா இருக்கு. தூரத்துல இருந்து எடுத்தா இப்படி வரவே வராது." தயங்கிவிட்டுச் சொன்னார். "எதிர்மாடி இல்ல, சிஸ்டர். நாலடி தூரம்தான் இருக்கும். உங்க கட்டில் பக்கத்துலயே நின்னு எடுத்திருக்காங்க."

கணவன் ஆபீஸ் போன பிறகுதான் அவள் வீட்டுக்கே வருவாள். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. அதை நம்பித் தாழ்ப்பாள் போடாமல் படுத்துவிடுவாள். மூன்று முறை ஒருவன் அந்தக் கதவைத் திறந்து வந்து, அவள் தலைமாட்டில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

"எனக்கு முழிப்பே வரலையே சார்" என்றாள்.

இன்னொரு சாவி கீழே குடியிருக்கும் வீட்டு ஓனரிடம் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தினமும் மாடிப்படியில் பார்த்து, "தூங்கி எழுந்தாச்சாம்மா?" என்று விசாரிக்கிற நரைத்த தலை. இனி அந்த வீட்டில் கால் வைக்க முடியுமா? அடுத்த முறை அவன் வெறும் படத்தோடு போய்விடுவான் என்று என்ன நிச்சயம்? கணவனுக்குப் போன் செய்தாள். பயமாக இருக்கிறது, மார்க்கெட் பஸ் ஸ்டாப்புக்கு உடனே வாங்க என்பதற்குமேல் சொல்ல முடியாமல் அழுகை முந்திக்கொண்டது.

இந்த நிலையில் அவளைத் தனியாக அனுப்பக் கடைக்காரருக்கு மனமில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். தெருவில் போகிற ஒவ்வொருவனும் அவள் தூங்குவதைப் பார்த்தவனாகவே அவளுக்குத் தோன்றியது.

இருபது நிமிடத்தில் கணவனின் பைக் வந்து நின்றது. ஓடிப்போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுறே? வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

பின்னாலேயே வந்த கடைக்காரருக்கும் முகம் மலர்ந்தது.

"அட, சிஸ்டரோட சார் நீங்கதானா? தூங்குற குழந்தை முழிச்சுக்கக் கூடாது, சத்தமே வராத கேமராவா வேணும்னு போன மாசம் வாங்கிட்டுப் போனீங்களே. படமெல்லாம் நல்லா வந்துச்சா சார்?"

அவர்களுக்குக் குழந்தை இல்லை.