கல்வெட்டு கோதண்டபாணி

செப்பேட்டைக் கையில் வாங்கியதும் கோதண்டபாணி கண்களை இறுக மூடிக்கொண்டார். பழம்பொருளைத் தொட்ட பரவசம் என்று நினைத்து, அதைக் கொண்டுவந்த கலியாணசுந்தரம் கும்பிட்டார். உண்மையில் அது பயம். செப்பேட்டில் ஒரு எழுத்துகூட அவருக்குப் பிடிபடவில்லை.

அவர் ரிட்டயரான சரித்திர வாத்தியார். எப்போதோ பத்து நாள் பயிற்சி முகாமில் பழைய எழுத்துகளைப் படித்தார். அதிலும் நான்கு நாள் காய்ச்சல். ஆனாலும் ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் குடியிருந்த தெருவுக்கு அவர்தான் 'கல்வெட்டு' கோதண்டபாணி. தெரியாது என்று சொன்னால் அந்தப் பட்டம் போய்விடும்.

கலியாணசுந்தரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு செய்பவர். வாடகை வீட்டில் ஒரு தறிக்குத்தான் இடம். மகன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். செப்பேடு பரணில் கிடைத்ததாம்.

"ராஜா எங்க பாட்டன் பூட்டனுக்கு மனை குடுத்தாருன்னு வழிவழியா சொல்லிக்கினு இருக்காங்க சார். எந்த எடம்னுதான் தெரியல. நீங்க படிச்சி சொல்லிட்டா போதும்."

வெளிச்சம் போதவில்லை என்று கோதண்டபாணி எழுந்தார். அவருடையது தெருக்கோடித் தனி வீடு, நாலு பக்கமும் ஜன்னல். ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் நின்று வெளியே பார்த்தபடி யோசித்தார். எல்லாச் செப்பேடும் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடும் என்பது நினைவுக்கு வந்ததும் தைரியம் பிறந்தது. முதலில் ராஜாவின் புகழ், பிறகு தானம், நான்கு எல்லை, கடைசியில் சாபம்.

கணீரென்று ஆரம்பித்தார். சாமிக்குப் பட்டு நெய்தவருக்கு மன்னர் மனை கொடுத்தார். கிழக்கே குளம், தெற்கே வாய்க்கால், வடக்கே பிடாரி கோயில், மேற்கே சாய்ந்த புளியமரம். நெய்தவர் வம்சம் வந்து கேட்கும்போது மனையை விட மறுப்பவன், கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். சாபம் அவ்வளவு அழகாக வந்தது அவருக்கே ஆச்சரியம்தான்.

மனசாட்சி லேசாகக் கிள்ளியது. யார் போய் ராஜாவைக் கேட்கப் போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். சொன்னதையெல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே 'கல்வெட்டியல் அறிஞர்' என்றும் சேர்த்துக் கொடுத்தார்.

கலியாணசுந்தரம் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார். ஆனால் தெருவில் நடக்கவில்லை. தாளும் கையுமாக வீட்டை ஒரு சுற்று சுற்றினார். நாலு பக்கமும் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, செருப்பை வாசலில் விட்டு, பவ்வியமாகக் கைகூப்பினார்.

"அந்தப் பாவம் உங்களுக்கு வேணாம் சார். எப்ப காலி பண்றீங்க?"