கழுத்திறகு

கூடையைத் தூக்கியதும் சேவல் வெளியே வந்தது. அதன் கழுத்தில் இறகு இல்லை.

கோகிலவாணி கூடையை மீண்டும் கவிழ்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். தலைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, நான்கு விரல் அகலத்துக்கு வெறுந்தோல் சிவந்து தெரிந்தது.

பதினொரு மணிக்கு இந்தச் சேவலைக் கருப்பனார் கோயிலில் ஒப்படைக்க வேண்டும். பூசாரி மஞ்சள் நீர் தெளிப்பார். சேவல் கழுத்தைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

சிலிர்ப்பதற்குக் கழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

பதினாறு மாதம் வளர்த்த சேவல். நாய்க்கும் பூனைக்கும் கீரிக்கும் தப்பியது; மூன்று முறை விருந்தாளிகளுக்கும் தப்பியது. நகம் உடைந்தால்கூடச் சாமிக்கு ஆகாது என்று, அது நடக்கும் இடத்தில் மணல் பரப்பி வைத்திருந்தாள்.

வேண்டுதல் இன்னது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளின் நர்சிங் படிப்புக்காக என்று அக்கம்பக்கத்தார் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அவள் கணவன் இளஞ்செழியன் எதற்கு என்று கேட்கவே இல்லை.

அவன் இப்போது சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்தான்.

மேசை விளிம்பில், பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறை வைஸ் ஒன்றைப் பொருத்தி, அதன் வாயில் அரிசி அளவுள்ள தூண்டில் முள்ளைக் கடிக்கக் கொடுத்திருந்தான். அவளுடைய ஆரி வேலைப் பெட்டியிலிருந்து எடுத்த பட்டு நூலால், முள்ளின் மேல் ஒரு செந்நிற இறகைச் சுற்றிக்கொண்டிருந்தான். அருகே ஒரு தட்டில் கட்டி முடித்தவை பதினான்கு. பார்ப்பதற்கு ஈக்கள்.

அந்த மேசையில் ஈ ஓட்டியே சலித்தவள் அவள். இவன் செய்து அடுக்குகிறான்.

"ஏனுங்க, சாவலுக்குக் கழுத்து எங்கீங்க?"

"கழுத்து இருக்குதுல்ல. எறகுதான் இல்ல. மொளைச்சுக்கும்."

"பதினோரு மணிக்குள்ள மொளைச்சுக்குங்களா?"

அவன் நிமிரவில்லை. முடிச்சுப் போடும்போது நிமிரக் கூடாதாம்.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு எட்டு ஆண்டுகள் இமாசலத்தில் கிடந்தவன். பாறையைத் துளைப்பது வேலை; வேலையில்லாத நாளில், பனி உருகிவரும் ஆற்றில் தொடையளவுத் தண்ணீரில் நின்று ட்ரவுட் மீன் பிடிப்பது அங்கே தொற்றிய பழக்கம். அந்த மீனை அவன் புழு வைத்துப் பிடிப்பதில்லை. இறகால் கட்டிய பொய் ஈயை நீரின் மேல் மிதக்கவிட்டால் பாய்ந்து கவ்வுமாம். கவ்வியதைப் பிடித்து, பார்த்துவிட்டு, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். இந்தக் கடைசி வரியை அவன் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவாள்.

தை பிறந்ததும் ஊரோடு வந்து, புதுச்சத்திரத்துத் தீவன ஆலையில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தான். அந்த மாதம் முழுவதும் மீன் பேச்சே எழவில்லை. மாதம் முடிந்த மறுநாள் அவள் பூசாரியிடம் நாள் கேட்டாள்.

"ஊரச் சுத்தி இத்தன கோழிப்பண்ண கெடக்குது. சாமி சாவல்தான் கெடைச்சுதுங்களா?"

"பண்ணைல ஏது புள்ள சாவல்? அத்தனையும் முட்டக் கோழி. லட்சம் பொம்பளைக்கு ஒரு ஆம்பளை கெடையாது." இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "முத்துன சாவல் கழுத்தெறகுதான் தண்ணி குடிக்காம மெதக்கும். பாரு, எப்புடி மின்னுதுன்னு."

மின்னத்தான் செய்தது. அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டியது.

"இதக் கொண்டுபோயி ஜேடர்பாளையம் அணைக்கட்டுல நிக்கப் போறீங்களாக்கும். அங்க இருக்கற கெண்ட மைதா உருண்டையத் திங்கும். உங்க ஈயத் திங்குமா?"

"கெண்டைக்கு யாரு புள்ள ஈ கட்டுவா?"

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. நூலை இழுத்து, தேவைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மார்ச்சு ஒண்ணாந்தேதிலருந்து இமாசலத்துல மீன் புடிக்க உடுவாங்க. இருவத்தஞ்சாந்தேதி ரிக் வண்டி கெளம்புது. சொல்லோணும்னுதான் இருந்தேன்."

"ஆலைல?"

"சொல்லிட்டேன்."

அவள் தட்டிலிருந்து ஓர் ஈயை எடுத்தாள். நூலில் பிசிறு இல்லை. இறகு ஒரே சீராக விரிந்து நின்றது. இந்த வீட்டுக்காக அவன் இவ்வளவு பொறுமையாகச் செய்த பொருள் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். பரணுக்கு ஏற அவன் செய்த ஏணி ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு கால் குட்டை.

கைப்பேசி ஒலித்தது. பூசாரி சின்னுசாமி.

"ஏஞ்சாமி, பொழுது ஏறீட்டே போகுது. சாவலோட கெளம்பீட்டீங்களா?"

இளஞ்செழியன் அப்போதுதான் முதன்முறையாக நிமிர்ந்தான். "வேற சாவல் வாங்கியாரோம்னு சொல்லு" என்று குரலைத் தாழ்த்தினான். "கறுப்பா, செவப்பான்னு மட்டும் கேளு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"இன்னைக்கு வரலீங்க. சாவலுக்கு ஒண்ணும் இல்லீங்க. வேண்டுதல் பலிச்சுருச்சுன்னு நெனச்சு நாள் கேட்டுட்டனுங்க. இன்னும் பலிக்கலீங்க."