குரல் நடுவில் வரவேண்டும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில், நடுவே போட்ட நாற்காலியில் உமையாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களையும் எதிர்ச்சுவரோரம் வைத்துவிட்டு, கணவன் காசிவிஸ்வநாதன் பாட்டை ஓடவிடுகிறான். “குரல் நடுவுல வரணும். எங்கேருந்து வருது?” “வலப்பக்கங்க.” அவன் இடப்பக்க ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னால் தள்ளுகிறான். சிமெண்டுத் தரையில் பெட்டி கிறீச்சிடுகிறது. “இப்ப?” இப்போதும் வலப்பக்கம்தான். போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவன் அறைந்ததில் அவளுடைய இடது காது அடைத்துப்போனது. அதை அவனிடம் சொல்ல இன்றுவரை அவளுக்குத் துணிவு வரவில்லை. பெட்டி நகர்ந்து நகர்ந்து அவள் முழங்காலருகே வந்துவிட்டது. தாளம் இடது கன்னத்தில் வெறும் அதிர்வாகப் படுகிறது. ஜன்னல் வெயிலில் அவன் கழுத்து வியர்வை மின்னுகிறது. “நல்லா கேட்டுச் சொல்லு லா.” “நடுவுல வருதுங்க” என்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியின் இடத்தைக் குறிக்கச் சாக்பீஸால் தரையில் கோடு போடுகிறான். அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து கண்ணை மூடுகிறான். சிரிப்பு மெல்ல அடங்குகிறது. “எல்லாம் இடப்பக்கமே கத்துது. என்கிட்ட விளையாடுறியா?” அவன் எழுகிறான். கை ஓங்கும் முன்பே உமையாள் முகத்தைத் திருப்பி, கேட்காத காதை அவன் பக்கம் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.