திரும்பப் பாடு

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் சந்தானம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூடிய அறைக்குள்ளிருந்து மகள் மதுவந்தியின் பாட்டு கேட்டது. மார்கழிக் கச்சேரிக்காக அசுர சாதகம்.

"சரணத்துல சுருதி விலகறது. திரும்பப் பாடு," என்று அதட்டினார்.

பாட்டு முதலிலிருந்து வந்தது. அதே இடத்தில் சுருதி விலகியது.

"ஒரு மாசமா அதே தப்பு. வேணும்னே பண்றாளா?"

"விடுங்கோ," என்றாள் மனைவி விஜயம்.

"கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தேன். பெரிய வித்வான்கள் பாட்டையெல்லாம் அதுல ஏத்தி, சாஃப்ட்வேர் போட்டு அடுக்கி வெச்சிருக்கா. கேட்டுத் திருத்திக்க வேண்டாமோ?"

எழுந்து போய்க் கதவைத் தள்ளினார்.

கழுத்தில் மஃப்ளரோடு மதுவந்தி கம்ப்யூட்டர் முன் வாய்மூடி உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் பாடிக்கொண்டிருந்தது. திரையில், மறைந்த வித்வான்களின் பெயர் வரிசையில் கடைசியாக 'மதுவந்தி' என்றிருந்தது.

"என்னடி இது?"

அவள் உதடுகள் அசைந்தன. காற்றுதான் வந்தது.

"ஓயாம பாடவெச்சுத் தொண்டையே போயிடுத்து. இனிமே குரல் வராதுன்னுட்டார் டாக்டர்," என்றாள் விஜயம். "தீபாவளிலேர்ந்து அவ இந்த ஆத்துல ஒரு வார்த்தை பேசலை. உங்களுக்குத் தெரியவே இல்லையே."