நாற்பதுக்கு நாற்பது

பிள்ளைக்குத் தக்கபடி கேள்வி கேட்கும் தேர்வு மெஷின், நாற்பதுக்கு நாற்பது வாங்கிய யாழ்மொழியைக் 'கடைநிலை' என்றது. அவள் அம்மா செங்கனி நேரே ஆசிரியையிடம் போய் நின்றாள்.

"எல்லாம் ரைட்டுன்னா எப்படி மிஸ் கடைசி?"

"கேட்டதெல்லாம் ஈஸியான கேள்விம்மா. குடும்பத்தைப் பார்த்துத்தான் மெஷின் கேக்கும். அட்மிஷன் ஃபைல்ல நீங்கதானே உங்க முதல் பட்டதாரி சான்றிதழை எல்லாத்துக்கும் மேல வச்சிருந்தீங்க?"

பெருமைக்கு வைத்தது.

"சரியாச் சொன்னா கஷ்டமான கேள்விக்குப் போகாதா?"

"போகும். தலைமுறைக்கு ஒரு படி. வேணும்னா நீங்க டெஸ்ட் எழுதி அப்பீல் பண்ணுங்க."

கணக்கில் எம்.எஸ்சி. முடித்த செங்கனி உட்கார்ந்தாள். இரண்டு மாம்பழமும் ஒரு மாம்பழமும் எத்தனை என்றது திரை. மூன்று என்றாள். சபாஷ் போட்டுவிட்டு மெஷின் கொய்யாவுக்குப் போனது. கடைசிக் கேள்வி வரை பழக்கடை ஓயவில்லை. அவளும் நாற்பதுக்கு நாற்பது.

முடிவு உடனே வந்தது: 'தாயைப் போலப் பிள்ளை. அப்பீல் தள்ளுபடி.'